கல்குவாரியில் அனுமதியை மீறி வெட்டுகிறார்களா? கணக்கைக் கேட்டுப் பெறும் வழி

கேள்வி: எங்கள் ஊராட்சியில் உள்ள கல்குவாரியில் அனுமதித்த அளவைவிட அதிகமாகக் கல் எடுக்கிறார்கள் என்று மனுக் கொடுத்தோம். "விதிமீறல் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அடுத்து என்ன செய்யலாம்? (தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: "அதிகமாக எடுக்கிறார்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதும் மனுவை ஒரு வரியில் முடித்துவிடுவது அலுவலகத்துக்கு எளிது. வழங்கிய நடைச்சீட்டுகளின் (கல்லை வண்டியில் கொண்டுசெல்லத் தரும் அனுமதிச் சீட்டு) மொத்த அளவும் குழியிலிருந்து போயிருக்கும் கல்லின் அளவும் பொருந்துகின்றனவா என்று கேட்டால், எண்ணில்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கர்நாடகத்தின் பெல்லாரியில் நடந்த இரும்புத்தாது முறைகேட்டின் அளவு வெளிப்பட்டதும் இத்தகைய ஒப்பீட்டால்தான்: மாநிலத்தின் ஊழல் விசாரணை அதிகாரியான லோக் ஆயுக்தா பதவியில் இருந்த சந்தோஷ் ஹெக்டேயின் 2011 அறிக்கை அனுமதிச் சீட்டுகளையும் துறைமுக ஏற்றுமதிக் கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தது. பின்னர் குத்தகை எல்லைகள் அளக்கப்பட்டு, மிக மோசமாக மீறிய 'சி' பிரிவுக் குத்தகைகளை 2013இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்து, குத்தகை ஒப்பந்தம், எல்லை வரைபடம், சுரங்கத் திட்டம், ஆண்டுவாரியான நடைச்சீட்டு அளவு, செலுத்தப்பட்ட சீனியரேஜ் தொகை (எடுத்த கல்லுக்காக அரசுக்குக் கட்டும் உரிமத்தொகை) ஆகியவற்றைக் கேளுங்கள். நகல் மட்டும் கேட்காமல், பிரிவு 2(ஜே) தரும் உரிமைப்படி கோப்புகளை நேரில் பார்வையிடவும் கேளுங்கள். நகலில் விடுபடும் குறிப்புகள் கோப்பில்தான் இருக்கும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, "வணிக ரகசியம்" என்று மறுத்தாலோ, அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். சுற்றுச்சூழல் அனுமதி ஆணையையும், அதன் நிபந்தனைகள் குறித்துக் குத்தகைதாரர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டிய அறிக்கையையும் விட்டுவிடாதீர்கள். ஆழமும் ஆண்டு அளவும் அங்கேதான் தெளிவாக இருக்கும்.

குழியை நீங்களே அளக்கப் போக வேண்டாம். வருவாய்த் துறையும் சுரங்கத் துறையும் சேர்ந்து அளக்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி ஆட்சியருக்கு அனுப்புங்கள். குவாரிக்கு எதிராகத் தனி ஆளாக மனுக் கொடுப்பவருக்கு இங்கே ஆபத்து உண்டு என்பதால், ஊரின் பெயரில் போவதே நல்லது. கணக்கிடும்போது அலகையும் கவனியுங்கள்: குழியை அளந்தால் கன மீட்டரில் வரும், சீட்டு டன்னில் இருந்தால், கருங்கல்லுக்குக் கன மீட்டருக்குச் சுமார் 2.6 டன் என்று மாற்றி, மேல்மண்ணையும் கழிவுக் கல்லையும் கழித்த பிறகே ஒப்பிட வேண்டும்.

வித்தியாசம் உறுதியானால் அபராதத்தோடு முடியாமலும் போகலாம். ஒடிசாவின் தாதுச் சுரங்கங்கள் பற்றிய வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் அனுமதியை மீறி எடுத்ததும் சட்டவிரோதமே என்று கூறி, கனிமச் சட்டத்தின் பிரிவு 21(5)இன்படி அதன் முழு விலையையும் வசூலிக்க உத்தரவிட்டது. ஆனால் 2021இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டதால், உங்கள் குவாரிக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வையும் அணுகலாம். ஆனால் அந்தத் தீர்ப்பாயத்துக்கான சட்டத்தின் பிரிவு 14இன் கீழான மனுவுக்குப் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதமே கெடு என்பதால், தகவல் உரிமைப் பதில்கள் முழுவதும் வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே வழக்கறிஞரைப் பாருங்கள்.