மலை சூழ்ந்த ஊரில் விடியற்காலை நடை நல்லதா?

கேள்வி: எனக்கு 54 வயது. பல வருடங்களாக ஆஸ்துமா. பெருநகரத்தை விட்டு, மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஒரு சிறு நகரத்துக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. பெரிய தொழிற்சாலை எதுவும் இங்கே இல்லை. ஆனாலும் குளிர்காலத்தில் விடியற்காலை நடந்துவிட்டு வந்தால் இளைப்பு. மழைக்காலத்தில் தொந்தரவே இல்லை. கோடையில் காலையில் நன்றாக இருக்கிறேன். மதியத்துக்கு மேல் வெளியே நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது. சுத்தமான காற்று என்று நம்பி வந்த இடத்தில் ஏன் இப்படி?

பதில்: ‘இளைப்பு வருது டாக்டர்’ என்பதோடு நிறுத்தாமல் எந்தக் காலம், எந்த நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குப் பெரிய உதவி.

ஓர் ஊரில் எவ்வளவு புகை கிளம்புகிறது என்பதைப் போலவே, அது கலைந்துபோக எவ்வளவு இடம் இருக்கிறது என்பதும் முக்கியம். பகலில் தரை சூடாகி, அதை ஒட்டிய காற்றும் சூடாகி மேலே எழும். புகையும் கூடவே ஏறி, ஓரிரு கிலோமீட்டர் உயரம் வரை கலந்து நீர்த்துவிடும். குளிர்கால இரவில் நடப்பது வேறு. வானம் தெளிந்து காற்றும் அசையாமல் இருந்தால் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதன் மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். விறகுப் புகை, குப்பை எரித்த புகை, வண்டிப் புகை எல்லாம் சில நூறு மீட்டர் உயரத்துக்குள், சில நாட்களில் அதற்கும் கீழே அடைபடும். மூடி இறுக்கமாக இருப்பது விடியும் நேரத்தில்தான். அடுப்புகளும் வண்டிகளும் கிளம்புவதும் அப்போதுதான். நீங்கள் நடக்கப் போவதும் அப்போதே. ‘அதிகாலைக் காற்று சுத்தமானது’ என்று நானும் ஒரு காலத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

1948 அக்டோபர் கடைசியில், அமெரிக்காவில் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் டோனோரா என்ற சிற்றூரில் இந்த மூடி சில நாட்கள் விலகவே இல்லை. சுமார் 20 பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு மூச்சுத் திணறியது. அங்கே துத்தநாக ஆலையும் எஃகு ஆலையும் இருந்தன, உங்கள் ஊரில் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் அந்த ஆலைகள் பல வருடங்களாக ஓடியவை. அந்த வாரம் மட்டும் புகைக்கு வெளியேற வழி இல்லை. கடைசியில் மழை வந்துதான் காற்று தெளிந்தது.

மழைக்காலத்தில் நீங்கள் நன்றாக இருப்பதும் இதனால்தான். மழை தூசியைக் கழுவுகிறது, ஈரத் தரையிலிருந்து புழுதி கிளம்புவதில்லை. வீட்டுச் சுவரில் பூஞ்சை படியாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடையில் மூடி கிடையாது, பிரச்சினை வெயில். வண்டிப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெட்ரோல், பெயின்ட் ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன. வானத்தின் உச்சியில் நம்மைக் காக்கும் ஓசோன், மூக்கருகே வந்தால் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். மதியத்திலிருந்து மாலை வரை இது அதிகம். வாயு என்பதால் என்95 முகக்கவசம் தடுக்காது. அந்த நேரத்தில் ஜன்னலை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருப்பதே நல்லது.

சரி, நடையை விட வேண்டுமா? வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். குளிர்காலத்தில் வெயில் ஏறி மூட்டம் கலைந்த பிறகு, கோடையில் காலையில். கிளம்பும் முன் தூரத்தில் எழும் புகையைப் பாருங்கள். மேலே போகாமல் துணி விரித்ததுபோல் படுத்துக் கிடந்தால் அன்று வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். செல்பேசியில் காற்றுத் தரம் பார்த்தால் மணிவாரியான அளவைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு, பி.எம். 2.5 நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 24 மணி நேர சராசரியாக 15 மைக்ரோகிராம். சராசரி நன்றாக இருக்கும் நாளிலும் விடியற்காலை மோசமாக இருக்கலாம்.

பழியை முழுக்கக் காற்றின் மேல் போட்டுவிடவும் வேண்டாம். ஆஸ்துமாவே பின்னிரவில் அதிகமாகும் நோய். வெளியே காலடி வைக்கும் முன்பே இருமி எழுகிறீர்களா? உடனடி நிவாரண இன்ஹேலர் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்படுகிறதா? அப்படியென்றால் நோய் கட்டுக்குள் இல்லை. நன்றாக இருக்கும் மாதங்களில் தினசரித் தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிடுவீர்களோ என்றும் எனக்குச் சந்தேகம். நீங்கள் எழுதவில்லை, ஆனால் நிறையப் பேர் செய்வது அது. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

அப்புறம், கோடை மதிய நெஞ்சு இறுக்கத்தை ஓசோன் என்று நானும் எழுதிவிட்டேன். ஆனால் 54 வயதில், நடக்கும்போது வரும் இறுக்கம் இதயத்திலிருந்தும் வரலாம். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, ஈ.சி.ஜி.யுடன் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஓய்வாக இருக்கும்போதும் இறுக்கம் வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, இன்ஹேலர் எடுத்தும் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.