கறிக்கடைச் சுவரில் ஆடு மேயலாமா?

கேள்வி: நெல்பேட்டைப் பக்கம் அப்பா நடத்திய ஆட்டுக்கறிக் கடையைப் புதுப்பிக்கிறேன். லண்டனில் இருக்கும் என் தம்பி, அங்கே பழைய கறிக்கடை ஒன்றில் சுவர் முழுக்க ஆடு மாடு மேய்கிற டைல்ஸைப் போட்டோ எடுத்து அனுப்பினான். அதே போல ஆத்தங்குடி கல்லில் செய்து கறி வெட்டும் கட்டைக்குப் பின்னால் பதிக்கலாமா?
வாசகர், மதுரை

பதில்: கட்டைக்குப் பின்னால் ஆத்தங்குடி வேண்டாம் தம்பி. கூடத்துத் தரைக்கு அதை அடிக்க ஆளில்லை, நானே எத்தனையோ வீட்டில் பதித்திருக்கிறேன். ஆனால் அது சூளையில் வெந்த கல் இல்லை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ரத்தத்தையும் கொழுப்பையும் குடித்துவிடும்.

சீமையில் பதித்தது மெருகு பூசிச் சுட்ட டைல்ஸ். ஒரு சொட்டு உள்ளே இறங்காது. ஈரத்துணியால் ஒரு இழுப்பு, சுவர் பளிச். வாசலில் நிற்கும்போதே கடை சுத்தம் என்று தெரிந்துவிடும், படம் அதற்கு மேல் அலங்காரம். லண்டன் ஹாரட்ஸ் கடையின் கறிக்கூடத்துக்கு 1902ல் நீட்பி என்பவர் வரைந்து, டௌல்டன் கம்பெனி செய்து கொடுத்த டைல்ஸில் வேட்டைக் காட்சிகளே உண்டு.

நானும் ஒருமுறை வில்லாபுரத்தில் ஒரு கடைக்கு ஆட்டுப் படம் பதித்தேன். கொக்கிக்கு நேர் பின்னால் வைத்துவிட்டேன், புத்தி கெட்டுப் போய். காலையில் உரித்த ஆட்டை மாட்டினால் படத்து ஆட்டின் உடம்பு மறைந்து, முகம் மட்டும் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கிறது. கறி வாங்க வந்த அம்மா ஒருவர், "என்னப்பா, அது என்னையே பாக்குது" என்று ஈரல் மட்டும் வாங்கிக்கொண்டு போனார். மறுவாரமே பெயர்த்தேன், கூலி என் கையை விட்டு.

அதனால் கட்டைக்குப் பின்னால் வெறும் வெள்ளை டைல்ஸ் போடுங்கள், எலும்புத் தூள் தெறிக்கிற இடம் அது. படத்தை கொக்கிக் கம்பிக்கு மேலே ஒரு பட்டையாக ஓடவிடுங்கள். இடுக்குகளில் ஒயிட் சிமெண்ட் வேண்டாம், எபாக்ஸி என்ற பிசின் கலவையை அடையுங்கள். செலவு கூடத்தான்.

கழுவும்போது முதலில் பச்சைத் தண்ணீர், ரத்தம் போன பிறகு சோப்பும் வெந்நீரும். எடுத்ததும் வெந்நீரை ஊற்றினால் ரத்தம் வெந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கை ஆசிட் பாட்டிலைத் தேடும். ஆத்தங்குடி ஆசை விடவில்லை என்றால் கல்லாப்பெட்டிக்குக் கீழே நாலு கல் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே ரத்தம் வராது.