விண்டோஸ் 11 வேண்டாம் என்பதற்காக அப்டேட்டையே நிறுத்த வேண்டுமா?

ஈசூனில் இருக்கும் அப்பாவுக்கு விண்டோஸ் 10 தோற்றம்தான் பழக்கம், அதனால் அவருடைய மடிக்கணினியில் அப்டேட்டை மொத்தமாக முடக்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அண்ணா. அதே கணினியில்தானே அவர் சிங்பாஸ் என்ற சிங்கப்பூர் அரசின் மின்னடையாளம் வழியாக மத்திய சேம நிதிக் கணக்கைப் பார்க்கிறார்?

தோற்றத்தை மாற்றுவது பதிப்பு மாறும் பெரிய அப்டேட். மாதாமாதம் வருவது பெரும்பாலும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிற வேலை. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை என்ற தீநிரல் உலகத்தையே ஆட்டிவைத்ததே, அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது, போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

புரோ பதிப்பாக இருந்தால் குரூப் பாலிசி எடிட்டர் என்ற, கணினியின் விதிகளை மாற்றும் கருவியில் ‘விண்டோஸ் அப்டேட் ஃபார் பிசினஸ்’ பகுதிக்குப் போய், எந்தப் பதிப்பில் நிற்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் விண்டோஸ் 10, அதன் கடைசிப் பதிப்பான 22எச்2 என்று ஆங்கிலத்தில் போட்டுவிடுங்கள்; 11 எட்டிப் பார்க்காது, பாதுகாப்புத் திருத்தங்களை இது தடுக்காது. ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் கிடையாது. ஆனால் 11-ஐ நீட்டும் இடத்திலேயே இப்போதைக்கு 10 போதும் என்று சொல்லவும் வழி இருக்கும், அதை அழுத்தினால் போதும்.

அப்புறம், 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் திருத்தங்கள் வர, விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் (ESU) பதிந்துவிடுங்கள், வீட்டுக் கணினிகளுக்கு அந்தத் திட்டம் முடிவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்த நாள் 2026 அக்டோபர் 13. பிறகு 11-க்குப் போக நேர்ந்தாலும் டாஸ்க்பார் அமைப்பில் ஸ்டார்ட் பட்டனை இடது பக்கம் தள்ளிவிடலாம், அப்பாவின் பாதிப் புலம்பல் அதிலேயே அடங்கும்.