பல்லில் அடைத்த பழைய 'வெள்ளி'யை எடுத்துவிட வேண்டுமா?

அம்மாவுக்குப் பல வருடங்களுக்கு முன் கடைவாய்ப் பல்லில் வெள்ளி அடைத்திருக்கிறார்கள், அதில் பாதரசம் இருப்பதாக வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது, உடனே எடுத்துவிடலாமா, ஆறு வயது மகளுக்கும் அதையே வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அம்மாவுடையது உடையாமல், ஓரத்தில் சொத்தை விழாமல் இருந்தால் தொட வேண்டாம். மகளுக்கு அது வேண்டாம்.

நான் மருத்துவர் இல்லை. தொண்ணூறுகளில் தர்மபுரியில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக வேலை பார்த்தவள். வெள்ளி, தகரம், செம்பு கலந்த பொடியோடு பாதரசம் சேர்த்துச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் குழவியால் அரைப்போம். பசை மாதிரி திரண்டதும் மெல்லிய துணியில் வைத்து முறுக்கினால் மிச்சப் பாதரசம் சொட்டும். வெறுங்கையால்தான் செய்தோம், அன்றைக்கு வழக்கம் அதுதான். சொட்டு கீழே விழுந்தால் நூறு மணியாகச் சிதறி டைல்ஸ் இடுக்கில் போய்விடும். அறை வெப்பத்திலேயே அது கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிக்கொண்டிருக்கும். மூடிய அறையில் அந்தக் காற்றை நாள் முழுக்க இழுத்தது நாங்களும், பெருக்கித் துடைக்க வந்த அக்காவும். பாதரசம் பற்றிய பேச்சு எப்போதும் நோயாளியைச் சுற்றியே நடப்பது எனக்கு ஆதங்கம். அதிகம் சுவாசித்தவர்கள் நாற்காலிக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள். பிறகு பொடியும் பாதரசமும் அளந்து அடைத்த கேப்ஸ்யூல் வந்தது, மெஷினில் குலுக்கினால் போதும் என்றானது. பெரிய நிம்மதி.

சரி, நோயாளிக்கு வருவோம். அடைப்பின் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம்தான். ஆனால் இறுகியபின் அது வெள்ளியோடும் தகரத்தோடும் சேர்ந்து கெட்டியாகிவிடுகிறது. மெல்லும்போதும், தூக்கத்தில் பல்லைக் கடிக்கும்போதும் கொஞ்சம் ஆவி கசியத்தான் செய்யும். அதெல்லாம் மைக்ரோகிராம் கணக்கு. துண்டு உடைந்து வயிற்றுக்குள் போய்விட்டால் சிலர் அழுதே விடுவார்கள். விழுங்கிய உலோகப் பாதரசம் குடலில் கிட்டத்தட்ட ஏறுவதே இல்லை, மலத்தோடு போய்விடும். மூச்சில் போகும் ஆவிதான் நுரையீரல் வழியே பெரும்பகுதி உடம்பில் சேரும்.

அதனால்தான் நல்ல அடைப்பைத் தோண்டாதீர்கள் என்கிறேன். டிரில் வைத்துக் குடையும் அந்தச் சில நிமிடங்களில் சாதாரணமாகக் கசிவதைவிட அதிக ஆவி கிளம்பும். கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் போகும். உடைந்துபோய் எடுத்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் பீய்ச்சி, வேகமாக உறிஞ்சும் குழாய் வைத்து, முடிந்தால் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பும் போட்டு எடுக்கிற இடமாகப் பாருங்கள்.

2006இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள், ஒன்று அமெரிக்காவில், ஒன்று போர்ச்சுகலில், இந்த அடைப்பு வைத்த பிள்ளைகளையும், பாதரசம் இல்லாத பல் நிறப் பிசின் அடைப்பு வைத்தவர்களையும் பல வருடம் கவனித்தன. அறிவிலோ நினைவாற்றலிலோ குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. அப்படியிருந்தும் மருந்து, மருத்துவச் சாதனங்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020இல் கர்ப்பிணிகள், கர்ப்பம் தரிக்க இருப்பவர்கள், பாலூட்டுபவர்கள், குழந்தைகள் (குறிப்பாக ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள்), சிறுநீரகக் கோளாறோ நரம்பு நோயோ உள்ளவர்கள், பாதரச ஒவ்வாமை உள்ளவர்கள் முடிந்தவரை இதைத் தவிர்க்கச் சொன்னது. நல்ல நிலையில் உள்ளதை எடுக்கச் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஐரோப்பாவில் ஏன் தடை என்பீர்கள். 2025 ஜனவரியிலிருந்து அங்கே நிறுத்தியதற்கு முக்கியக் காரணம் சாக்கடையிலும் சுடுகாட்டுப் புகையிலும் கலந்து, கடைசியில் மீனில் வந்து சேரும் பாதரசம். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊர் மக்களை முடக்கியது மீனில் சேர்ந்த மெத்தில் பாதரசம், அது வேறு வடிவம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த அந்த ஊர்ப் பெயரில் போட்ட சர்வதேச உடன்படிக்கையில் இந்தியாவும் 2018இல் சேர்ந்தது.

மகள் விஷயத்தில் நம் தர்மபுரி மாவட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பழுப்புப் பல்லை நீங்களே பார்த்திருப்பீர்கள். அது நிலத்தடி நீரில் அளவுக்கு மீறி இருக்கும் ஃபுளூரைடு செய்த வேலை. ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகு வளரும் பிள்ளைகளுக்குத் தேவலாம். ஃபுளூரைடு ஏறிய எனாமலில் பல் நிறப் பிசின் அவ்வளவு சுலபத்தில் ஒட்டாது, பிசின் பிடிப்பதற்காக முதலில் தடவும் ஆசிட் ஜெல்லைக் கூடுதல் நேரம் வைக்க வேண்டியிருக்கும். மகள் பல்லில் கறை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே காட்டுங்கள். பால் பல் என்றால் கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்ட் போதும். அது பல்லோடு தானே ஒட்டும், பாதரசமும் கிடையாது.