மூன்று மாதச் சம்பளம் யாருடைய பணம்?

ஹட்டன் வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"ஐயா, ஹட்டனில் ஒரு தகவல் தொழில்நுட்ப அலுவலகத்தில் ஆறு வருடம் நாலு மாதமாக வேலை செய்கிறேன். வெளிநாட்டுக் கம்பெனிகளின் பில்களைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றுவதும் படங்களுக்குக் குறிப்புப் போடுவதும்தான் எங்கள் வேலை. மொத்தம் 38 பேர். என் சம்பளம் 60,000 ரூபா. போன மாதம் எங்களைக் கூப்பிட்டு, இந்த வேலை முழுவதும் வேறொரு நாட்டுக்குப் போகிறது, அங்கே செலவு குறைவு என்றார்கள். 'என் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன், எனக்கு இனி எந்தக் கொடுப்பனவும் வரவேண்டியதில்லை' என்று ஆங்கிலத்தில் அடித்த கடிதம் ஒன்றைத் தந்தார்கள். கையெழுத்துப் போட்டால் மூன்று மாதச் சம்பளமாம். ஒன்பது பேர் போட்டுவிட்டார்கள். மற்ற 29 பேரும் நாலு நாள் வேலை செய்யாமல் வாசல் படியில் உட்கார்ந்தோம். முதல் நாள் ஒரு தம்பி கோபத்தில் ரவுட்டரைக் கழற்றி வைத்துவிட்டான், மறுநாளே திருப்பி மாட்டிவிட்டோம். எச்.ஆர். வந்து, 'தோட்டத்துப் பழக்கத்தை ஆபிஸுக்குக் கொண்டுவராதீர்கள்' என்றார். ஐந்தாம் நாள் எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் செய்தி: நீங்களாகவே வேலையை விட்டுவிட்டதாகக் கருதுகிறோம், கம்பெனிக்கு வந்த நட்டத்துக்கு வழக்குப் போடுவோம் என்று. எங்களில் ஆறு பேருக்கு நியமனக் கடிதமே கிடையாது, ஒப்பந்தக்காரர் என்று ஒரு தாள்தான். அம்மா இன்னும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். வீடு கட்டிய கடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிடவா?"

பதில்:

தங்கச்சி, போடாதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

அந்தத் தாளுக்காக அவர்கள் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்பது புரிந்துவிட்டால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும். இலங்கையில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்துவது பற்றிய விசேட சட்டம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் குற்றம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக நிறுத்த வேண்டுமானால் முதலாளிக்கு இரண்டே வழிதான். ஒன்று, அந்த ஊழியரின் எழுத்து மூலச் சம்மதத்தை முன்கூட்டியே பெறவேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் எழுத்து மூல அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் சட்டத்தின் முன் செல்லாது. வேலை வெளிநாட்டுக்குப் போகிறது, இலாபம் குறைகிறது, ஆட்கள் அதிகம் என்பவையெல்லாம் அந்த அனுமதியைக் கேட்டுப் போகும்போது சொல்லவேண்டிய காரணங்கள். அனுமதி கேட்காமலே ஆட்களை அனுப்ப அவை போதாது.

ஆணையாளரிடம் போனால் விசாரணை நடக்கும், கணக்குக் காட்டவேண்டும், நட்டஈடு எவ்வளவு என்று அவர் தீர்மானிப்பார். உங்கள் கையெழுத்து கிடைத்துவிட்டால் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதனால்தான் உங்கள் மேசைக்கே தாளும் பேனாவும் வந்தன.

இப்போது அந்த மூன்று மாதச் சம்பளத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை வாசித்ததும் முதலில் பேனாவை எடுத்து இந்தக் கணக்கைத்தான் போட்டேன். நீங்களும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் முடித்த மாதச் சம்பள ஊழியருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக வரவேண்டும். நீங்கள் ஆறு வருடம் முடித்திருக்கிறீர்கள். ஆறு அரை மாதம் என்றால் மூன்று மாதம். 60,000 ரூபாவில் பாதி 30,000, அதை ஆறால் பெருக்கினால் 1,80,000 ரூபா. மூன்று மாதச் சம்பளமும் அதே 1,80,000 ரூபாதான். நீங்களாகவே விலகினாலும், அவர்கள் விலக்கினாலும், வேலை முடிந்து 30 நாளுக்குள் அவர்கள் கட்டாயம் தரவேண்டிய உங்கள் சொந்தப் பணத்தையே சலுகை போலக் காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பதிலாக மற்ற எல்லா உரிமைகளையும் எழுதித் தரச் சொல்கிறார்கள். எனக்கு இது மனதைச் சுட்டது.

அந்த மற்ற உரிமை எவ்வளவு? நட்டஈட்டுக்கு 2005இல் வர்த்தமானியில் ஒரு கணக்கு முறை வந்தது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், ஆறாம் வருடத்திலிருந்து பதினான்காம் வருடம் வரை வருடத்துக்கு இரண்டு மாதம், அதற்கு மேல் படிப்படியாகக் குறையும். உங்களுக்கு முதல் ஐந்து வருடத்துக்குப் பன்னிரண்டரை மாதம், ஆறாம் வருடத்துக்கு இரண்டு மாதம், ஆக பதினாலரை மாதச் சம்பளம். 8,70,000 ரூபா. பணிக்கொடை இதற்கு வெளியே தனி. அப்புறம் ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது: உங்கள் பங்கு 8 வீதம், கம்பெனியின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பெனி 3 வீதம் கட்டவேண்டும். இவை மாதாமாதம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். கட்டடம் பூட்டிய பிறகு தேடினால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

உங்களோடு வேலை செய்யும், இரண்டு வருடம் மட்டும் முடித்த தங்கைகளுக்குப் பணிக்கொடை வராது. ஆனால் நட்டஈட்டுக் கணக்கில் அவர்களுக்கு ஐந்து மாதச் சம்பளம் வருகிறது. அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

சரி, வட்ஸ்அப் செய்தி. நீங்களாகவே வேலையை விட்டுவிட்டீர்கள் என்று சொல்வதற்கு ஆள் வராமல் இருந்தது மட்டும் போதாது, திரும்பி வரும் எண்ணமே இல்லாமல் போயிருக்கவேண்டும் என்பது நம் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட நிலைப்பாடு. வேலை வேண்டும் என்று கேட்டு அதே வாசல் படியில் நாலு நாள் உட்கார்ந்திருந்தவர்கள் வேலையை விட்டுப் போனவர்கள் ஆவார்களா? ஆனால் இதை நீங்கள் எழுத்தில் சொல்லவேண்டும், இன்றைக்கே. "நாங்கள் வேலையை விட்டு விலகவில்லை. இன்ன திகதியிலிருந்து இன்ன திகதிவரை வேலைநிறுத்தத்தில் இருந்தோம். வேலை செய்யத் தயாராக இருக்கிறோம்." இவ்வளவும் போதும். 29 பேரும் தனித்தனியாகப் பெயர் எழுதிக் கையொப்பமிட்டு, பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போங்கள். காவலாளி உள்ளே விடாவிட்டால் சண்டை வேண்டாம். எத்தனை மணி, யார் நிறுத்தினார், என்ன சொன்னார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள், பொலிஸிலும் ஒரு முறைப்பாட்டைப் பதிந்து இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஒழுக்காற்று நடவடிக்கை என்று பிறகு கதை மாறினால், அப்படி நீக்கியதற்கான காரணத்தை இரண்டாவது வேலை நாளுக்குள் எழுத்தில் தரவேண்டிய கடமையும் அதே 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது.

வேலைநிறுத்தம் சட்டவிரோதமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தப் பயம் தெரிகிறது. சட்டவிரோதம் அல்ல. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் அத்தியாவசியக் கைத்தொழில் என்று அறிவிக்கப்பட்ட இடங்களில்தான் 21 நாள் முன்னறிவித்தல் கட்டாயம். வெளிநாட்டுப் பில்லைத் தட்டச்சு செய்யும் அலுவலகம் அப்படி அறிவிக்கப்படாத வரை அந்த விதி உங்களைத் தொடாது. ஆனால் அந்த நாலு நாளுக்குச் சம்பளம் கேட்காதீர்கள், அது வராது. ரவுட்டர் விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. படியில் உட்காருவது வேலைநிறுத்தம், கம்பெனியின் சாமானில் கைவைப்பது வேறு. அந்தத் தம்பி திருப்பி மாட்டியதை யார் பார்த்தார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இனி யாரும் அப்படிச் செய்யவேண்டாம்.

இந்தத் துறையில் உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஆதாரம் சேர்க்கிறோம் என்று வாடிக்கையாளர்களின் கோப்புகளைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது, நியாயம் உங்கள் பக்கம் இருக்கும் வழக்கு அங்கே தலைகீழாகிவிடும். உங்கள் சம்பளச் சீட்டு, வரவுப் பதிவு, அந்த வட்ஸ்அப் செய்தி, கையெழுத்துப் போடாத அந்தக் கடிதம், இவை போதும்.

நட்டத்துக்கு வழக்கு என்பது பெரும்பாலும் மிரட்டல்தான். ஆனாலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் தொழில் பிணக்கின்போது செய்யப்படும் செயல்களுக்குச் சிவில் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது, ஆனால் பதிவுசெய்த சங்கத்துக்கும் அதன் அங்கத்தவர்களுக்கும்தான். உங்களுக்குச் சங்கம் இல்லை. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் அமைக்கலாம். கணினி வேலை செய்பவர்களுக்குச் சங்கம் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, சங்கம் அமைப்பது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் உள்ள உரிமை. ஊழியர்களில் 40 வீதம் பேர் அங்கத்தவர்களாக இருந்தால், அந்தச் சங்கத்தோடு பேச மறுப்பதே, கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தத்தின்படி முதலாளியின் குற்றம். 38 பேரில் 16 பேர் போதும். நீங்கள் 29 பேர் இருக்கிறீர்கள்.

வேலை வெளிநாட்டுக்குப் போவதையே தடுக்கமுடியுமா என்றால், நம் சட்டத்தில் அதற்கு நேரடி வழி இல்லை. வேலை உண்மையிலேயே போய்விட்டதென்றால் கடைசியில் நட்டஈட்டில்தான் வந்து நிற்கும், அதனால்தான் அந்தத் தொகைக்காக இவ்வளவு எழுதுகிறேன். வேலை கையில் இருக்கும்போதே பேரம் பேசியவர்கள் கதை வேறு. அமெரிக்காவில் 2016 ஏப்ரலில் வெரிசோன் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஏறக்குறைய 40,000 ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அழைப்பு நிலைய வேலைகள் பிலிப்பைன்ஸ், மெக்சிக்கோ போன்ற நாடுகளுக்குப் போவது அவர்களின் முக்கியக் குறைகளில் ஒன்று. ஒன்றரை மாதம் தாக்குப்பிடித்தார்கள். முடிவில் சுமார் 1,300 அழைப்பு நிலைய வேலைகளை அங்கேயே புதிதாகத் தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. அவர்களிடம் பலமான சங்கமும் கூட்டு ஒப்பந்தமும் இருந்தன. உங்கள் மேசைக்கு வந்த வேலையும் ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒருவரிடம் இருந்த வேலையாக இருந்திருக்கலாம். இப்போது உங்கள் வேலையைச் செய்யப்போகும் அந்த நாட்டுப் பிள்ளைகள் மேல் கோபப்படாதீர்கள். அவர்களுக்கும் வீட்டுக் கடன் இருக்கும்.

எச்.ஆர். சொன்ன வார்த்தை உங்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் அப்பாவுக்கு ஒரு தோட்டத்தில் பத்துச்சீட்டு, அதாவது வேலையிலிருந்து நிறுத்தும் சீட்டு, கொடுத்தார்கள், அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு லயத்து வாசலில் நின்றது இன்றும் கண்ணில் இருக்கிறது. எத்தனை கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும், அதைக் கேட்கவும் தெரியும். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்துப்போனார். அந்தப் பழக்கம்தான் இந்த மலையில் மனிதர்களுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது. அதை ஆபிஸுக்குக் கொண்டுபோனதற்கு நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை.

ஒப்பந்தக்காரர் தாள் உள்ள அந்த ஆறு பேரும் ஒதுங்கி நிற்கவேண்டாம். தாளில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதோடு விஷயம் முடிவதில்லை. நேரம் குறித்தது யார், லீவு கேட்டது யாரிடம், கணினி யாருடையது, வேலையை மேற்பார்வை செய்தது யார் என்றுதான் பார்ப்பார்கள். உங்களோடு ஒரே மேசையில் ஒரே மேற்பார்வையாளரின் கீழ் இருந்திருந்தால் அவர்களும் ஊழியர்கள் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட ஒன்பது பேரின் நிலை கடினம், மறைக்கமாட்டேன். மிரட்டி வாங்கினார்கள் என்று அவர்கள்தான் காட்டவேண்டும். என்றாலும் ஐந்து வருடம் முடித்தவர்கள், வாங்கிய பணத்துக்குக் கொடுத்த சீட்டில் அது என்ன பணம் என்று எழுதியிருக்கிறது எனப் பார்த்துவிட்டு உங்களோடு வரட்டும்.

ஹட்டன் தொழில் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமையே போங்கள். தொழில் நியாய சபைக்குப் போவதானால் வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம், வட்ஸ்அப் வந்த திகதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். எந்த இடத்துக்கு எந்த முறைப்பாடு என்பதை அங்கேயுள்ள அதிகாரியிடமும் ஒரு சட்டத்தரணியிடமும் காட்டி முடிவுசெய்யுங்கள், ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் போட்டுச் சிக்கலாக்க வேண்டாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள், தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. பதிலையும் தமிழில் கேளுங்கள். முறைப்பாட்டின் பிரதியில் அலுவலக முத்திரையும் திகதியும் போடச் சொல்லி வாங்கிக்கொண்டுதான் வெளியே வரவேண்டும்.