போய்வரும் பயணத்தின் சராசரி வேகம்: கேள்வி பதில்

கேள்வி (குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்): ஐயா, ஒருவர் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய், அதே வழியில் 60 கி.மீ. வேகத்தில் திரும்புகிறார். சராசரி 50 என்று குறித்தேன். விடைக்குறிப்பில் 48 என்று இருக்கிறது. எது சரி?

பதில்: 48தான் சரி, தம்பி. ஒரு வழித் தூரத்தை 120 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 40, 60 இரண்டாலும் மீதியின்றி வகுபடும் என்பதால் பின்னம் தொல்லை தராது. போக 3 மணி நேரம், திரும்ப 2 மணி நேரம். மொத்தம் 240 கி.மீ., 5 மணி நேரம், வகுத்தால் 48.

50 எங்கே பிசகுகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். அந்த ஐந்து மணி நேரத்தில் மூன்று மணி நேரம் அவர் 40லேயே ஓட்டியிருக்கிறார். 60ல் ஓட்டியது இரண்டே மணி நேரம். மெதுவாகப் போகும் பாதி அதிக நேரத்தைத் தின்றுவிடுவதால், சராசரியும் அந்தப் பக்கமே சாய்கிறது. இரு வேகங்களும் வேறுவேறாக இருந்தால், விடை எப்போதும் நடு எண்ணுக்குக் கீழேதான் வரும். விடை அதற்கு மேலே வந்தால் கணக்கை மறுபடி போடுங்கள்.

கேள்வி: வினாவில் தூரமே தரவில்லையே, 120 என்று நாமே வைக்கலாமா?

பதில்: தாராளமாக. எந்தத் தூரத்தை வைத்தாலும் மேலும் கீழும் அடிபட்டுவிடும்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவியின் தாய்): வேகங்களைப் பெருக்கி, இரண்டால் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுக்கும் சூத்திரத்தை மகள் மனப்பாடம் செய்திருக்கிறாள். அது போதுமா?

பதில்: போதாது, அம்மா. அது இசைச் சராசரி; இரு பகுதிகளின் தூரமும் சமமாக இருந்தால் மட்டுமே பொருந்தும். "முதல் ஒரு மணி நேரம் 40, அடுத்த ஒரு மணி நேரம் 60" என்று கேட்டால் நேரம்தான் சமம். அங்கே சாதாரணக் கூட்டுச் சராசரியான 50தான் விடை. தூரமும் நேரமும் சமமில்லாவிட்டால் மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஒன்றை மகள் உறுதியாகப் பிடித்துக்கொள்ளட்டும். சூத்திரம் மறந்தாலும் கணக்கு வந்துவிடும்.

கேள்வி: 60 கி.மீ. தூரத்துக்கு 30ல் போய், ஒரு மணி நேரம் தங்கி, 60ல் திரும்பினால்?

பதில்: போக 2, தங்க 1, வர 1 என மொத்தம் 4 மணி நேரம். தங்கிய நேரத்தைச் சேர்த்தால் 30, ஓடிய நேரத்தை மட்டும் எடுத்தால் 40. வினா எதைக் கேட்கிறது என்பதை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர்): 30ல் போனவர் மொத்தச் சராசரி 60 வரவேண்டுமானால் எந்த வேகத்தில் திரும்ப வேண்டும், சார்? 90 என்று நண்பன் சொல்கிறான்.

பதில்: எந்த வேகமும் போதாது! ஒரு வழி 60 கி.மீ. என்று வையுங்கள். போய்வர 120 கி.மீ.; சராசரி 60 வேண்டுமானால் மொத்தம் 2 மணி நேரத்தில் முடிய வேண்டும். ஆனால் போவதற்கே 2 மணி நேரம் ஆகிவிட்டது. திரும்ப ஒரு நொடிகூட மிச்சமில்லை. 90ல் திரும்பினால் சராசரி 45தான்.

உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் இதே போன்ற புதிரை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார்: ஒரு பழைய கார் 1 மைல் மேட்டை மணிக்கு 15 மைல் வேகத்தில் ஏறுகிறது; மொத்தச் சராசரி 30 ஆக, 1 மைல் இறக்கத்தில் எவ்வளவு வேகம் வேண்டும்? கணக்கிட்டுப் பார்த்த பிறகுதான் இறங்குவதற்கு நேரமே மிச்சமில்லை என்பது தெரிந்தது என்று ஐன்ஸ்டைன் பதில் எழுதினார். ஆகவே உங்கள் நண்பரைக் கடிந்துகொள்ள வேண்டாம். சராசரி ஒருபோதும் போன வேகத்தின் இரு மடங்கை எட்டாது என்பதை மட்டும் காட்டுங்கள்.

கேள்வி: அசையா நீரில் மணிக்கு 10 கி.மீ. போகும் படகு, 2 கி.மீ. வேக ஆற்றில் போய்வந்தால்? நீரோட்டம் ஒரு முறை உதவி, ஒரு முறை தடுப்பதால் சராசரி 10தானே?

பதில்: இல்லை. நீரோட்டத்துடன் 12, எதிர்த்து 8. ஒரு வழி 24 கி.மீ. என்றால் 2 மணி நேரமும் 3 மணி நேரமும். 48ஐ 5ஆல் வகுத்தால் 9.6. எதிர்த்துப் போகும் நேரம் நீள்வதால் ஆறு தந்த உதவி, அது செய்த தடையை ஈடுகட்டுவதில்லை. நீரோட்டத்தை 6 என்று மாற்றி நீங்களே போட்டுப் பாருங்கள், 6.4 வர வேண்டும்.