வளையம் நெருக்கமாக இருந்தால் பைன் கெட்டியா?

கீழக்கரையில் வீடு கட்டும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஜன்னல் சட்டத்துக்குத் தேக்கு கட்டுப்படியாகவில்லை. மரவாடியில் இறக்குமதி பைன் பார்த்தேன். வளையம் நெருக்கமாக இருப்பதுதான் கெட்டி, அதைப் பார்த்து எடுங்கள் என்கிறார் ஆசாரி. ஆனால் அந்தப் பலகையைத் தூக்கினால் அகல வளையப் பலகையைவிட லேசாக இருக்கிறதே, எதை நம்புவது?”

உங்கள் கையை நம்புங்கள். ஆசாரி சொல்வது பல நேரம் பலிக்கும், ஆனால் கெட்டித்தன்மை வளையத்தின் அகலத்தில் இல்லை.

பலகையின் வெட்டுமுனையை உப்புத்தாளால் தேய்த்து, லேசாகத் தண்ணீர் தடவிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒன்றாக வளரும் ஒவ்வொரு வளையத்திலும் வெளிறிய பட்டை ஒன்று, அதை ஒட்டிப் பழுப்புப் பட்டை ஒன்று தெரியும். வெளிறியது வசந்தத்தில் வளர்ந்தது, வேரிலிருந்து தண்ணீரை ஏற்றுவதற்கான அகலமான, சுவர் மெலிந்த செல்கள். பழுப்பு, கோடையின் பிற்பகுதியில் வந்தது. செல் குறுகி, சுவர் தடித்திருக்கும். செல் சுவரின் அடர்த்தி எந்த மரத்திலும் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம்தான். அதனால் காய்ந்த பலகையில் நீங்கள் உணரும் கனம் என்பது சுவர் எவ்வளவு, உள்ளே வெற்றிடம் எவ்வளவு என்பதுதான். பழுப்புப் பட்டை பல பைன்களில் வெளிறியதைவிட இரண்டு, மூன்று மடங்கு அடர்த்தி.

ஸ்ப்ரூஸ் (பைனைப் போல இன்னொரு ஊசியிலை மரம்) போன்ற மரம் வேகமாக வளரும்போது கூடுவது பெரும்பாலும் வெளிறிய பகுதிதான், பழுப்பு கிட்டத்தட்ட பழைய அளவிலேயே நிற்கும். அதனால் அகல வளையம் லேசாகிவிடுகிறது, ஆசாரியின் கணக்கு அங்கே சரியாக வரும். பைனில் அது அவ்வளவு கறாராகப் பொருந்தாது. அதோடு, குளிர் அதிகமான இடத்தில் கோடை சீக்கிரம் முடிந்துவிட்டால் வளையமும் குறுகும், பழுப்பும் நூல் மாதிரி மெலிந்துபோகும். நீங்கள் தூக்கிய பலகை இந்த வகையாக இருக்கலாம்.

ஒரு செல்லின் சுவர் தடித்து, அதை இறுக்கும் லிக்னின் என்ற பொருள் ஏறி முடிய வாரக்கணக்கில் ஆகும், அதற்குக் கோடையின் கடைசி வரை வெப்பம் வேண்டும். 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடை சரியாக வரவே இல்லை; அங்கே குளிர்ப் பகுதி ஊசியிலை மரங்களில் 1816-க்கான பழுப்புப் பட்டை அடர்த்தி குறைந்து பதிவாகியிருக்கிறது. பழைய கோடைகளின் வெப்பத்தைக் கணிக்க ஆய்வாளர்கள் மரத்துண்டை எக்ஸ்ரே எடுத்து இந்த அடர்த்தியைத்தான் அளக்கிறார்கள், ஏனென்றால் வளைய அகலத்தைவிட இது கோடை வெப்பத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. நியூசிலாந்தின் ரேடியாட்டா பைனிலும் வெப்பமான வடபகுதி மரம் குளிரான தென்பகுதி மரத்தைவிட அடர்த்தி. வறண்ட நாடுகளில் கதை வேறு: பருவத்தின் நடுவே வறட்சி வந்தால் மரம் பழுப்புப் பட்டை போட்டுவிடும், மழை வந்ததும் மறுபடி வெளிறிய செல்லை வளர்க்கும். அங்கே ஒரே ஆண்டில் இரண்டு வளையம் போலத் தெரியும், எண்ணினால் ஏமாந்துபோவீர்கள்.

இன்னொன்று, இது முக்கியம். முனையில் மரத்தின் நடுப்புள்ளி தெரிந்தாலோ, வளையங்கள் சின்ன வட்டமாகச் சுருண்டிருந்தாலோ அந்தப் பலகையை ஒதுக்குங்கள். இளமையில் வளர்ந்த அந்தப் பகுதி லேசானது, நீளவாக்கிலும் சுருங்கும், ஈரக்காற்றில் முறுக்கிக்கொள்ளும். சட்டம் முறுக்கினால் கதவு மூடாது. கனமாக இருப்பதெல்லாம் நல்லதுமில்லை: சாய்ந்து வளர்ந்த பைனின் அடிப்பக்க மரம் கனமாக, செம்பழுப்பாக இருக்கும், அதுவும் நீளவாக்கில் சுருங்கி வளையும்.

சரி, வாங்கும்போது ஒரே அளவில், ஒரே மாதிரி காய்ந்த இரண்டு மூன்று பலகைகளைத் தராசில் வையுங்கள்; ஈரப் பலகை கனத்தில் பொய் சொல்லும். வளைய நெருக்கத்தை விட்டுவிட்டு, பழுப்புப் பட்டை வளையத்தில் எவ்வளவு பங்கு என்று பாருங்கள், மூன்றில் ஒரு பங்கு இருந்தால் தாராளமாக எடுக்கலாம். (கடற்கரையில் நிற்கும் சவுக்கு ஊசியிலை மரம் போலத் தெரிந்தாலும் அந்த இனம் இல்லை, இந்தக் கணக்கை அதற்குப் போடாதீர்கள்.)

ஆனால் அடர்த்தியான பைனையும் கரையான் தின்னும். அதனால் அழுத்த முறையில் மருந்து ஏற்றியதாகக் கேட்டு வாங்குங்கள். அறுத்த முனைகளிலும் மருந்து பூசச் சொல்லுங்கள், அங்கேதான் ஈரம் உள்ளே இறங்கும். உப்புக்காற்றில் சாதாரண ஆணி துருப்பிடித்துக் கறை விடும், ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ போடுங்கள். இழைக்கும் முன் பலகைகளை வீட்டுக்குள் இடைவெளி விட்டு அடுக்கி இரண்டு வாரமாவது கிடக்க விடுங்கள்.